பாய் விரிச்ச இடம்: நம்ம வீடுகள்ல குழந்தைகளோட ரூம் எங்க இருந்துச்சு?

இன்னைக்கு எபிசோடை பாலவாக்கத்துல எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். ஃபேன் சத்தம் கேட்கும். அதை எடிட்ல எடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன், ஏன்னா இன்னும் ரெண்டு மாசத்துல இந்த ஹாலே இருக்காது. தாத்தா 90கள்ல ஒரு கிரவுண்டு வாங்கிக் கட்டின வீடு. 2011ல பாலவாக்கம் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்துச்சு. எங்க தெருவுல தனி வீடுகள் ஒண்ணொண்ணா அப்பார்ட்மென்ட் ஆச்சு. இப்போ எங்க முறை. ஜாயின்ட் வென்ச்சர் அக்ரிமென்ட்ல கையெழுத்தும் போட்டாச்சு.

ஆங்கிலப் படங்கள்ல ஒரு காட்சி அடிக்கடி வரும். ஹீரோ பல வருஷம் கழிச்சு அம்மா வீட்டுக்குப் போவான். அவனோட சின்ன வயசு ரூம் அப்படியே இருக்கும்: ஒத்தைக் கட்டில், சுவர்ல போஸ்டர், ஸ்கூல்ல வாங்கின கப். நானும் அதே மாதிரி என் ரூமை வீடியோ எடுக்கலாம்னு போனை எடுத்தேன். அப்போதான் உறைச்சுது, எனக்குன்னு ஒரு ரூமே இருந்ததில்ல. பெரியப்பாவுக்கு ஒரு பெட்ரூம், அப்பாவுக்கு ஒரு பெட்ரூம். பசங்க நாங்க நாலு பேரும் ஹால்ல பாய் போட்டுப் படுத்தோம். காலையில பாயைச் சுருட்டி ஓரமா சாத்திட்டா, அந்த இடத்துல டிவி பார்ப்போம், டிபன் சாப்பிடுவோம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளோட அமைப்பைப் பாருங்க. தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டுல திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லைன்னு வரிசையா போகும். இதுல எந்தப் பெயரும் தூக்கத்தைக் குறிக்கல. கூடத்துல பகல்ல பந்தி நடக்கும், ராத்திரி அங்கேயே பாய் விரிப்பாங்க. செட்டிநாட்டு வீடு எவ்வளவு பெரிசு! அங்கேயும் வளவைச் சுத்தி இருக்கிற அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனோட குடும்பத்துக்கும் ஒண்ணுங்கிற கணக்கு. நகரத்தார் வழக்குல ஒரு தம்பதி ஒரு புள்ளி. அந்த அறையில சீர் சாமானும் பாத்திரமும் பூட்டி இருக்கும். குழந்தைக்குன்னு தனி அறை அந்தக் கணக்குலேயே வராது. ஐரோப்பாவுல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அங்கேயும் தனித்தனி அறைகள் நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்ததெல்லாம் 18, 19ஆம் நூற்றாண்டுகள்லதான்.

ஒரு விதிவிலக்கு மாதிரி தெரியற இடம் கும்பகோணத்துல இருக்கு. சாரங்கபாணி சன்னதித் தெருவுல கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003லேருந்து சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்குது. தெருவைப் பார்த்த ஜன்னல், பக்கத்துல ஒரு கட்டில், சின்ன அறை. போறவங்க எல்லாரும் அந்தக் கட்டிலைத்தான் போட்டோ எடுப்பாங்க. ஆனா அவரோட வாழ்க்கை வரலாற்றுல வர்ற ராமானுஜன் பெரும்பாலும் திண்ணையில உட்கார்ந்து, மடியில சிலேட்டை வெச்சு கணக்குப் போடுறவர். கட்டிலைப் பார்த்தா 'இது அவரோட இடம்'னு நமக்கே புரிஞ்சுடும். திண்ணையில அவர் எந்த மூலையில உட்கார்ந்தார்னு யாராவது எழுதி வெச்சிருந்தாத்தான் தெரியும்.

இப்போ 'நாஸ்டால்ஜியா'ங்கிற வார்த்தைக்கு வருவோம். 1688ல சுவிட்சர்லாந்தோட பாசெல் நகரத்துல யோகன்னஸ் ஹோஃபர்ங்கிற மருத்துவ மாணவர் தன்னோட ஆய்வுல உருவாக்கின சொல் இது. கிரேக்கத்துல நோஸ்டோஸ்னா வீடு திரும்புறது, அல்கோஸ்னா வலி. அப்போ இது ஒரு நோயோட பெயர். மருந்து, நோயாளியை ஊருக்கு அனுப்பி வைக்கிறது. சரி, ஊர் இருக்கு, வீடு இல்லைன்னா?

அதுக்கு ஒரு பதில் 1891ல ஸ்டாக்ஹோம்ல கிடைச்சுது. ஆர்தர் ஹஸீலியஸ் அங்கே ஸ்கேன்சன்னு ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கினார். பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரிச்சு எடுத்துட்டு வந்து, ஒரே இடத்துல திரும்பக் கட்டினாங்க. அதே வேலை நடந்த இடம் எங்க வீட்டுலேருந்து பைக்ல அரை மணி நேரம்: ஈசிஆர்ல முட்டுக்காடு, தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984ல தொடங்கின மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனோட கனவு. 1996 டிசம்பர்ல திறந்தாங்க. வளாகத்தோட வடிவமைப்புல லாரி பேக்கரோட கை இருக்கு. செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலேருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடுன்னு, இடிபடப் போன வீடுகளை வாங்கி, பிரிச்சு, லாரியில ஏத்தி வந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வெச்சுத் திரும்ப நிக்க வெச்சாங்க.

என் வேலையில இதுக்குப் பேர் மைக்ரேஷன். பழைய சர்வரை அணைக்கிறதுக்கு முன்னாடி அதுல என்னென்ன ஓடுதுன்னு லிஸ்ட் எடுக்கணும். லிஸ்ட்ல விட்டுப் போனது புது இடத்துக்கு வராது. மரவீட்டுல தூணையும் உத்தரத்தையும் கழட்டிக் கொண்டு வந்துடலாம். மண் சுவரைக் கொண்டு வர முடியாது, புதுசா எழுப்பணும். பாய் விரிச்ச இடத்தை? அது மரத்துலயும் இல்ல, சுவர்லயும் இல்ல.

அதனால போன ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டு அப்ரூவ்டு பிளானை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு பாட்டி பக்கத்துல உட்கார்ந்தேன். அதுல லிவிங், பெட் ஒன், பெட் டூ, ஸ்டோர்னு இருக்கு. "யார் எங்க படுத்தாங்கன்னு சொல்லு பாட்டி"ன்னேன்.

"ஸ்டோர் ரூமாவது ஒண்ணாவது. உங்க அத்தை பிரசவத்துக்கு வந்து மூணு மாசம் அதுலதான்டா இருந்தா."

தாத்தா வாசல் கதவுக்குக் குறுக்கால. மே மாசம்னா நாங்க எல்லாரும் மொட்டை மாடியில. "நீ எங்க பாட்டி?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கிற நடையைக் காட்டினாங்க. நாலு மணிக்கு எழுந்து பால் வாங்கணும், யாரையும் மிதிக்காம போகணும், அதனால அங்கே. இத்தனை வருஷம் இந்த வீட்டுல இருந்திருக்கேன், இது எனக்குத் தெரியாது.

"வீடு போறது கஷ்டமா இல்லையா பாட்டி?"

"எனக்கு லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வருதுடா. கஷ்டம் உனக்குத்தான்."

இதையும் பதிவு பண்ணிட்டேன். ஏன்னா பழைய வீட்டை நினைச்சு உருகுறப்ப, அந்தக் கூடத்துல சுகமா தூங்கினவங்க கதைதான் நமக்கு ஈசியா கிடைக்குது. நடையில படுத்தவங்க கதையை நாமளா போய்க் கேட்கணும்.

உங்க வீடும் இடிபடப் போகுதுன்னா, ஒரு சின்ன வேலை. பிளான் இருந்தா ஜெராக்ஸ், இல்லைன்னா இன்ச் டேப் வெச்சு ஒரு பேப்பர்ல வரைஞ்சுக்கோங்க. வீட்டுலேயே வயசானவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி: யார் எங்க படுத்தாங்க? அவங்க சொல்றதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பேரு, வருஷம், எந்தப் பக்கம் தலை வெச்சாங்கன்றது வரைக்கும் அந்தப் பேப்பர்லேயே எழுதுங்க.

எங்க பேப்பர்ல இன்னும் ஒரு பாய் யாரோடதுன்னு தெரியல. பாட்டி பெரியப்பா பையன்தான்றாங்க, அவன் இல்லைன்றான். அந்தப் பஞ்சாயத்தை முடிச்சுட்டு வர்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.