அயான்செல்

அயான்செல் என்பது மரக்கூழ், பழைய பருத்தித் துணி, காகிதக் கழிவு ஆகியவற்றில் உள்ள செல்லுலோஸை அயனித் திரவத்தில் கரைத்து, ஆடைக்கான இழையாகத் திரிக்கும் தொழில்நுட்பம். இழைக்கும் அதே பெயர்தான். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை உருவாக்கின. ஆல்ட்டோவில் ஹெர்பர்ட் சிக்ஸ்டாவும் ஹெல்சின்கியில் இல்க்கா கில்பெலைனனும் இந்த ஆய்வின் முக்கியப் பெயர்கள். சிக்ஸ்டா ஆஸ்திரியர், செயற்கைச் செல்லுலோஸ் இழைக்குப் பேர்போன லென்சிங் நிறுவனத்தில் பணியாற்றிய பின் பேராசிரியராக வந்தவர்.

மரத்திலிருந்து துணி செய்வது புதிதல்ல. 1892-இல் இங்கிலாந்தில் சார்லஸ் கிராஸ், எட்வர்ட் பெவன், கிளேட்டன் பீடில் மூவரும் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறைதான், நம் ஜவுளிக் கடைகளில் ரேயான் என்று விற்கும் துணிக்கு மூலம். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடுடன் வினைபுரிய வைத்து, கிடைக்கும் பாகைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சுவார்கள். கார்பன் டைசல்பைடு 46 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளர்கள் பல நாடுகளில் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். விஸ்கோஸ் ஆலைக் கழிவு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பது கொங்குப் பகுதிக்கும் தெரியும்: மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையால் பவானி ஆறு மாசுபட்டது குறித்து நெடுங்காலம் போராட்டம் நடந்தது, ஆலை பிறகு மூடப்பட்டது.

கார்பன் டைசல்பைடு இல்லாத முதல் பெரிய மாற்று லயோசெல். 1990-களில் சந்தைக்கு வந்த இம்முறையில் என்எம்எம்ஓ என்னும் கரைப்பான் செல்லுலோஸை நேரடியாகக் கரைக்கிறது. ஆனால் அது சூட்டில் கட்டுக்கடங்காமல் சிதையக்கூடியது என்பதால் நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்த்தே கையாள வேண்டும். இந்தக் கரைப்பானுக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவந்ததே அயான்செல்லின் சாதனை.

அயனித் திரவம் என்பது ஒரு வகை உப்பு. சாப்பாட்டு உப்பு உருக 800 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இவ்வகை உப்புகளோ 100 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும். ஆல்ட்டோ ஆய்வகம் முதலில் நம்பியது, டிபிஎன் என்னும் காரமும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்த உப்பை. அதில் சுமார் 80 டிகிரிச் சூட்டில் மரக்கூழைப் போட்டுப் பிசைந்தால் செல்லுலோஸ் முழுக்கக் கரைந்து, ஒட்டும் தன்மையுள்ள தேன் நிறப் பாகாகிறது. பாகை வடிகட்டி, நுண்துளைகள் கொண்ட தகடு வழியே அழுத்துகிறார்கள். துளையிலிருந்து இறங்கும் இழை நேராக நீரில் விழுவதில்லை. முதலில் ஒரு சிறு காற்று இடைவெளியைக் கடக்கிறது. அந்த இடைவெளியில் இழையை இழுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இழுவையில் செல்லுலோஸ் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைப்படுகின்றன. நீரைத் தொட்டதும் அந்த வரிசை கலையாமல் உறைந்துவிடுகிறது. விஸ்கோஸைவிட ஏறத்தாழ இருமடங்கு வலுவும், நனைந்தாலும் பெரிதும் குறையாத உறுதியும் இப்படி வருகின்றன.

இது ரசாயனத் துறைக்குள்ளேயே முடங்காமல் போனதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. ஹெல்சின்கியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வணிகக் கல்லூரி, கலை வடிவமைப்புப் பல்கலைக்கழகம் மூன்றையும் இணைத்து 2010-இல் தொடங்கப்பட்டது ஆல்ட்டோ. இணைப்புகள் பெரும்பாலும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். இங்கே உண்மையாகவே பலன் கிடைத்தது. பிர்யோ காரியாய்னன், தாபானி வூரினன் இருவரும் தொடங்கிய கெமார்ட்ஸ் திட்டத்தில் வடிவமைப்பு மாணவர்களும் வேதிப்பொறியியல் மாணவர்களும் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தனர். அங்கே பிறந்த செய்முறைகள் 2020-இல் கெமார்ட்ஸ் குக்புக் என்ற நூலாகி, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

செய்த இழையை உடுத்திக் காட்டும் வேலையும் உடன் நடந்தது. 2014-இல் மாரிமெக்கோ நிறுவனம் பிர்ச் மரச் செல்லுலோஸில் நெய்த ஆடையை மேடையேற்றியது. 2018 டிசம்பர் 6, பின்லாந்து சுதந்திர தினத்தன்று, அப்போதைய அதிபரின் மனைவி யென்னி ஹவுக்கியோ அயான்செல் கவுன் அணிந்து விருந்தினர்களை வரவேற்றார். வடிவமைத்தவர் எம்மா சார்னியோ, ஆல்ட்டோ மாணவி. அந்த வரவேற்பு நிகழ்ச்சியை நேரலையில் பார்ப்பவர்கள் பல லட்சம் பேர். எந்த விளம்பரமும் அவ்வளவு தூரம் எட்டியிருக்காது. செய்தித்தாள் காகிதத்தின் தேவை சரிந்து வரும் நாட்டில், காட்டுக்கு வேறொரு பிழைப்பு உண்டு என்ற சேதியும் அதில் இருந்தது.

மரத்தைவிடப் பழந்துணிதான் இத்தொழில்நுட்பத்தின் சுவையான பகுதி. வழக்கமான மறுசுழற்சியில் பருத்தித் துணியைக் கிழித்துப் பஞ்சாக்குவார்கள்; ஒவ்வொரு முறையும் இழை குட்டையாகி, நூலின் தரம் இறங்கும். கரைத்துத் திரித்தால் இழையின் நீளம் நம் விருப்பம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் பருத்தி மட்டும் கரையும்; பாலியெஸ்டரை வடிகட்டி எடுத்துவிடலாம். சில சாயங்கள் கரைசலிலும் அழியாமல் நிற்பதால் பழைய நீல ஜீன்ஸிலிருந்து மீண்டும் நீல இழையே வரும். சாயமேற்றும் செலவும் தண்ணீரும் மிச்சம். கழிவுப் பருத்தியைப் புதுத் துணியாக்கும் ஆல்ட்டோ குழு, எச் அண்ட் எம் அறக்கட்டளையின் முதல் குளோபல் சேஞ்ச் விருதைப் பெற்ற குழுக்களுள் ஒன்று.

இவ்வளவு இருந்தும் அயான்செல் சட்டை கடையில் தொங்கவில்லை. கணக்கு எளிது. 100 கிலோ பாகில் செல்லுலோஸ் ஏறத்தாழ 13 கிலோதான். மீதி 87 கிலோ விலையுயர்ந்த அயனித் திரவம். இழை உறைந்தபின் அது முழுவதும் தொட்டி நீரில் கலந்திருக்கும். நீரை ஆவியாக்கித் திரவத்தை மீட்க வேண்டும். 99 விழுக்காடு மீட்டாலும் 13 கிலோ இழைக்கு 870 கிராம் கைவிட்டுப் போகும். போதாததற்கு, சூடும் நீரும் சேர்ந்தால் டிபிஎன் மூலக்கூறு மெல்லச் சிதைகிறது. ஆகவே நீரைத் தாங்கி நிற்கும் வேறு காரங்களைக் கொண்ட அயனித் திரவங்களைப் பின்னர் சோதித்தனர். ஆவியாக்கச் செலவாகும் எரிசக்தி தனிக் கவலை. எஸ்ப்போ நகரின் ஒட்டானியெமி வளாகத்தில் அமைத்த முன்னோட்ட உற்பத்தி வரிசை முதன்மையாகச் சோதிப்பது, இழையின் தரத்தோடு இந்த மீட்புச் சுற்றையும்தான்.

பின்லாந்திலேயே போட்டியும் உண்டு. விடிடி ஆய்வு மையத்தில் வேர்விட்ட ஸ்பின்னோவா, செல்லுலோஸைக் கரைக்காமல் நுண்ணிழைகளாக அரைத்தே நூலாக்குகிறது. இன்ஃபினிட்டட் ஃபைபர் யூரியாவைப் பயன்படுத்தி செல்லுலோஸ் கார்பமேட் வழியில் போகிறது. மூன்று முறைகளும் கார்பன் டைசல்பைடைத் தொடுவதில்லை.