எலி ஒழிந்த தீவும் சுண்டெலி தப்பிய தீவும்

தெற்கு ஜார்ஜியா, காஃப் இரண்டும் தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமுள்ள தீவுகள். இரண்டிலும் கப்பலோடு வந்த எலிகள் கடற்பறவைக் குஞ்சுகளைச் சூறையாடின. இரண்டிலும் ஹெலிகாப்டரிலிருந்து விஷ வில்லைகளைத் தூவினார்கள். பெரிய தீவில் எலி ஒழிந்தது, சிறியதில் ஒழியவில்லை.

தெற்கு ஜார்ஜியாவுக்கு எலியைக் கொண்டுவந்தவர்கள் சீல், திமிங்கில வேட்டைக்காரர்கள். 2011, 2013, 2015 என மூன்று கட்டமாக ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் மருந்து போட்டார்கள். எலி தாண்ட முடியாத பனியாறுகள் தீவைத் துண்டுதுண்டாகப் பிரித்துவைத்திருந்ததால் ஒரு துண்டை முடித்து அடுத்ததற்குப் போக முடிந்தது. ஆனால் பனியாறுகள் உருகிப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. தாமதித்திருந்தால் அந்த வேலிகளே இல்லாமல் போயிருக்கும். மோப்ப நாய்களை விட்டுத் தேடிய பிறகு, 2018 மே மாதம் எலி இல்லை என்று அறிவித்தார்கள். தரையில் கூடுகட்டும் நெட்டைக்காலிக் குருவி திரும்பப் பெருகியது.

காஃப் வெறும் 65 சதுர கிலோமீட்டர். எதிரி இன்னும் சின்னது: சுண்டெலி. சாதாரணச் சுண்டெலியைவிடப் பருத்த இவை, இரவில் டிரிஸ்டன் ஆல்பட்ராஸ் குஞ்சின் மேல் ஏறி உயிரோடிருக்கும்போதே சதையைக் கொறிக்கின்றன. சுண்டெலியைவிட நூறு மடங்குக்கும் மேல் எடையுள்ள குஞ்சு கூட்டைவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும். தரையில் எதிரியே இல்லாமல் வளர்ந்த இனத்துக்குத் தற்காப்பு தெரியாது.

2021-இல் மருந்து தூவினார்கள். தீவுக்கே உரிய நீர்க்கோழியும் குருவியும் விஷத்தைத் தின்றுவிடாதிருக்க முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் காத்தார்கள். அவ்வளவு கவனமிருந்தும் டிசம்பரில் தானியங்கிக் கேமராவில் ஒரு சுண்டெலி சிக்கியது.

பரப்பை வைத்துக் கடினத்தை அளப்பது தவறு என்றே எனக்குப் படுகிறது. எலி வெகுதூரம் அலையும்; எங்கோ ஓரிடத்தில் மருந்தைக் கண்டுகொள்ளும். சுண்டெலி தன் வளையைச் சுற்றிச் சில மீட்டருக்குள்ளேயே வாழ்ந்துவிடும். அங்கே வில்லை விழாவிட்டாலோ, விழுந்ததை வேறு ஏதாவது தின்றுவிட்டாலோ அது தப்பிவிடும். ஈரமான காஃபில் அப்படித் தின்றது நத்தையினத்து இலையட்டைகள்தானோ என்று சந்தேகிக்கிறார்கள்.

ஆனாலும் காஃப் முயற்சியை வீண் என்று தள்ளிவிட முடியாது. சுண்டெலி குறைந்திருந்த அந்தப் பருவத்தில் கடற்பறவைக் குஞ்சுகள் முன்னைவிட ஏராளமாகப் பிழைத்தன. டிரிஸ்டன் ஆல்பட்ராஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டை இடும் பறவை. அதற்கு ஒரு நல்ல பருவம் கிடைத்ததே பெரிய லாபம். மறுபடி மருந்து போடுவதானால் முதலில் இலையட்டையின் கணக்கைத் தீர்க்க வேண்டும்.