ஒளிரும் லார்வாவும் அதன் நீளமும்: ஆளி வித்துக் கணிப்பில் எதிர்ப்பொருள்களின் இடம்

ஸ்பெயினின் கலீசியாவில், ஆரோசா, வீகோ கடற்கழிகளின் மிதவைத் தெப்பங்களில் ஆயிரக்கணக்கான கயிறுகளில் ஆளி (மைட்டிலஸ் பேரினச் சிப்பி) வளர்க்கப்படுகிறது. வித்தின், அதாவது இளம் ஆளிகளின், ஒரு பகுதியைப் பாறைகளில் சுரண்டி எடுக்கிறார்கள். மிச்சம், மிதந்து திரியும் லார்வாக்கள் தாமே வந்து ஒட்டும்படி தொங்கவிடும் சேகரிப்புக் கயிறுகளில் கிடைக்கிறது. கயிற்றை முந்தி இறக்கினால் பாசியும் பிற உயிரிகளும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிந்தினால் வித்து தப்பிவிடும். எத்தனை லார்வாக்கள் உள்ளன, ஒட்டும் பருவத்தை எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதே வளர்ப்போரின் கேள்வி. எந்த இனங்காணும் முறையையும் இக்கேள்வியைக் கொண்டே எடைபோட வேண்டும்.

கருவுற்ற இரண்டொரு நாளில் ஆளி லார்வா ‘டி’ எழுத்து வடிவ ஓட்டைப் பெறுகிறது. ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அதனைப் பிற இருவோட்டு உயிரிகளின் லார்வாக்களிலிருந்து சாதாரண நுண்ணோக்கியில் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் கடினம். இனத்தை வேறுபடுத்த உதவும் ஓட்டின் கீல் பற்களை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டும். வாராவாரம் குவியும் மாதிரிகளுக்கு அது கட்டுப்படியாகாது.

ஒரே இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்களை (மோனோகுளோனல்) உருவாக்க கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்ட ஹைப்ரிடோமா நுட்பம் மருத்துவத்தைத் தாண்டி இங்கும் பயன்பட்டது. மைட்டிலஸ் பேரின லார்வாக்களை இனங்காணும் இரண்டு மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் பற்றிய கலீசிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. வளர்ப்பு லார்வாக்களோடு கடலில் அள்ளிய மிதவை உயிரி மாதிரிகளிலும் அவை சோதிக்கப்பட்டன. எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தால், அது பற்றிக்கொண்ட லார்வா மட்டும் ஒளிரும்.

டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வந்தபின் இது பழைய சரக்கு என்போர் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிசிஆருக்கு லார்வாவை அரைத்தாக வேண்டும். முதிர்ந்த லார்வா ஒன்றின் செல்கள் இளம் லார்வாக்கள் பலவற்றின் செல்களுக்கு ஈடாகலாம். நீரில் கலந்த ஆளி விந்தும் அதே டிஎன்ஏவைத்தான் தரும். கிடைக்கும் எண் எதைக் குறிக்கிறது? எதிர்ப்பொருளோ லார்வாவை முழுசாக விட்டுவைக்கிறது. எண்ணலாம், நீளம் அளக்கலாம். ஒட்டும் பருவத்துக்குரிய 250 மைக்ரோமீட்டரை நெருங்கியவை மிகுந்தால் கயிறு இறக்கும் வேளை நெருங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. லார்வா தின்ற பாசியின் பச்சையம் புதிய மாதிரிகளில் தானே சிவப்பாக ஒளிர்ந்து ஏமாற்றும். சாயத்தின் நிறத்தைப் பார்த்துத் தேர்வது அதனால்தான். எதிர்ப்பொருள் பற்றும் புரதம் ஒரு பருவத்தில் மட்டும் வெளிப்பட்டால் மற்றப் பருவங்கள் கணக்கில் வராமலே போகும். பேரினத்தை மட்டும் அறியும் எதிர்ப்பொருள், மைட்டிலஸ் காலோப்ரொவின்சியாலிஸ் ஆட்சி செலுத்தும் கலீசியாவுக்குப் போதும். மைட்டிலஸ் எடுலிசும் கலப்பினங்களும் கூடும் பிரான்சின் அத்லாந்திக் கரையில் போதாது. அங்கே இனத்துக்கு இனம் வேறுபடும் ஒட்டுப்புரத மரபணுவைப் பார்க்கும் பிசிஆருக்கே முதலிடம்.

ஆகையால் எதிர்ப்பொருள் எதைப் பற்றிக்கொண்டது என்பதோடு, அதே கடலில் உடன் வாழும் எந்தெந்த இனங்களின் லார்வாக்களை, எந்தெந்தப் பருவங்களில் பற்றவில்லை என்ற பட்டியலையும் ஆய்விதழ்கள் கேட்டு வாங்க வேண்டும். பட்டியலில்லாத எதிர்ப்பொருளை வேறொரு கடற்கரைக்குக் கொண்டுபோக இடமில்லை.