இடையன்குடி ரேந்தை: நூல் கொண்டுவந்த காசு

ஈஸ்டர் அன்னைக்கு நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களுக்குப் போனா, லெந்து நாட்களின் ஊதா நிறம் போய் ஆல்டரில் வெள்ளை விரிப்பு வந்திருக்கும். அந்த மாதிரி விரிப்புகளின் ஓரத்தில் தைக்கிற பூவேலைக்கு இன்னைக்கு 'லேஸ்'னு சொல்றோம். தமிழில் அதுக்கு இன்னொரு பேர் ரேந்தை. 'ரெந்தா' என்ற போர்த்துகீசியச் சொல் கடற்கரை வழியாக வந்து தமிழானது. சிங்களத்திலும் அதே சொல் உண்டு.

சொல் போர்த்துகீசியம்தான். ஆனா இந்தப் பக்கத்துப் பெண்கள் கையில் தொழிலாக அது வந்த வழி வேறு. 1819-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா அங்கே பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்கு 1809-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அங்கே கைத்தொழில் நசியத் தொடங்கின காலத்தில், இங்கே அது வேர் பிடித்தது.

இது இன்னைக்கு ஈஸ்டர் அலங்காரத்துக்குப் பலர் போடுகிற டாட்டிங் அல்ல. டாட்டிங்கில் நெசவு நாடா போன்ற ஒரு சின்னக் கருவியில் நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாக வளையம் போடுவார்கள். நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்தது திண்டு லேஸ். இறுக்கமாக அடைத்த திண்டின் மேல் துளையிட்ட மாதிரி அட்டையை வைத்து, துளைகளில் ஊசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு, முறுக்கிப் பின்னணும். கண்ணும் பொறுமையும் ரொம்ப வேணும். விரலகல லேஸுக்கே மணிக்கணக்காகும்.

வாங்கினது பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள். பின்னினது ஏழைப் பெண்கள். சிலர் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுசாக ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்னாலேயே லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே நூல் அவர்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு முரணும் இருக்கு. மற்றவர் உடைக்கு அழகு சேர்த்த இந்தப் பெண்களில் பலருக்குத் தங்கள் மார்பை மறைக்கவே உரிமை இல்லை. மிஷன் பெண்கள் எளிய தையலில் ஒரு தளர்ந்த சட்டை தைத்துக் கொடுத்தார்கள், அதுதான் குப்பாயம். 1829 அரசாணை நாடார் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது. மேல்சாதியார் போல தோள்சீலை போடக் கூடாது என்றது. கலவரங்களுக்குப் பிறகு 1859-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஒரே ஊசி ஒருபக்கம் கூலிக்கு, மறுபக்கம் மானத்துக்கு.

மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்து இடையன்குடி வந்தார். பனையும் தேரி மணலும்தான் அங்கே சொத்து. பதநீர் இறங்கும் மாதங்கள் போனால் கையில் காசு புரளாது. எலைசா அங்கே பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கினார். வீட்டில் இருந்தபடியே, மழை வெயில் பாராமல், பெண் கைக்கு நேராக வரும் கூலி அது.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கு. எலைசா பெயரை அவரோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. திண்டின் முன்னால் உட்கார்ந்து பின்னின பெண்களின் பெயரோ எங்கேயும் எழுதப்படவில்லை. மாதிரியும் சந்தையும் வெளியிலிருந்து வந்தவை. உழைப்பு மட்டும் முழுக்க நம்மூருடையது. அடுத்த ஈஸ்டருக்கு ஒரு வெள்ளைத் துணியை ஓரம் மடித்து அடித்து ரேந்தை வைக்கிறவர்கள், அந்தப் பெயரில்லாத விரல்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.