நீலப் பொத்தான்

சமீபத்தில் கள்ளக்குறிச்சி போயிருந்தபோது நண்பர் தன் மகளை அழைத்து முன்னால் நிறுத்தினார். இப்போதுதான் இன்ஜினீயரிங் முடித்திருக்கிறாள். கையில் லேப்டாப். ‘‘அங்கிள், என் புராஜெக்ட்டை எல்லாம் கொஞ்சம் பாருங்க. இன்டர்வியூவுக்குப் போகணும்!’’

பார்த்தேன். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர்கள் அன்றைய விலையை செல்போனிலேயே தெரிந்துகொள்ள ஒரு ‘ஆப்’. அழகான பச்சை வண்ணம், வழுக்கிக்கொண்டு நகரும் பக்கங்கள். ‘‘இதுக்குப் பேர் யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன் அங்கிள்’’ என்றாள். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு எதுவும் ஏறாது. ஆனாலும் ஒரு சந்தேகம். முதல் பக்கத்திலேயே ஈ-மெயில் முகவரி கேட்கிறதே?

‘‘வெள்ளிமலையில மரவள்ளி பிடுங்குற பாட்டிக்கு ஈ-மெயில் இருக்குமாம்மா?’’

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள். நானும்தான். ஏனென்றால், இதே கேள்வியைச் சில இன்ஜினீயர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டு ஒரு பதிலும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிலை நாம் எல்லோருமே விரலால் அழுத்தியிருக்கிறோம். ஆமாம்... ஓட்டு மெஷின்!

கொஞ்சம் பின்னால் போவோம். முதல் பொதுத்தேர்தல் 1951-52ல். வாக்காளர்கள் பதினேழு கோடிக்கும் மேல். நூற்றுக்குச் சுமார் எண்பத்தைந்து பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்து ஏற்பாடு ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். சீட்டை வாங்கிப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். ‘யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வார்த்தை பிறக்காத காலத்தில் நடந்த காரியம் இது!

வேட்பாளர் கூடக் கூடப் பெட்டியும் கூடியது. அதனால் ஒரே சீட்டு, ஒரு ரப்பர் முத்திரை என்று பிற்பாடு மாற்றினார்கள். அங்கேதான் புதுத் தலைவலி. முத்திரை கோட்டின் மேல் விழுந்தால் செல்லாது. இரண்டு இடத்தில் விழுந்தால் செல்லாது. மடிக்கும்போது மை ஒட்டினால் தகராறு. தப்பு செய்தது சீட்டு; ஓட்டை இழந்தது மனிதன்.

1977-ல் தேர்தல் கமிஷனுக்கு மெஷின் யோசனை வந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் ஈ.ஸி.ஐ.எல். மாதிரி ஒன்றைச் செய்தது. 1980 ஆகஸ்டில் கட்சிக்காரர்களுக்குப் போட்டும் காட்டினார்கள். 1982 மே 19. கேரளாவில் பரூர் சட்டமன்றத் தொகுதி. ஐம்பது சாவடிகளில் முதல்முறையாக மெஷின்.

இங்கே ஒரு தமாஷ். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, மெஷினே கூடாது என்று தேர்தலுக்கு முன் கோர்ட்டுக்குப் போனார். எடுபடவில்லை. கடைசியில் ஜெயித்தது அவரேதான், 123 ஓட்டு வித்தியாசத்தில்! இப்போது தோற்றுப்போன காங்கிரஸின் ஏ.ஸி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். ‘சட்டத்தில் ஓட்டுச்சீட்டு என்றுதான் இருக்கிறது, மெஷின் என்று இல்லையே’ என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் தேர்தலை ரத்து செய்தது. அந்த ஐம்பது சாவடிகளிலும் பழையபடி சீட்டு, மறுபடி ஓட்டு. ஜோஸ் ஜெயித்தார்.

சட்டத்தைத் திருத்தி 1989-ல் வழி செய்தார்கள். மெஷின் வடிவமும் அப்போது செதுக்கப்பட்டது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறைப் பேராசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவையா இருவரும் அதில் முக்கியமானவர்கள். பெங்களூர் பி.இ.எல். பக்கம் இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் எஸ்.ரங்கராஜன். யாரென்று தெரிகிறதா? நம்ம சுஜாதாவேதான்! வாரம் தவறாமல் வாசகனைக் கட்டிப்போடத் தெரிந்த ஆளுக்கு, ஒரு பொத்தானுக்கு முன்னால் நிற்பவரின் மனசு தெரியாமலா இருக்கும்?

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கரன்ட் வேண்டாம், பேட்டரி போதும். மலைக்கும் போகும், காட்டுக்கும் போகும். ஒரே வரிசையில் பெயர், சின்னம், சின்ன விளக்கு, நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், ‘பீ...ப்’ என்று நீளமாக ஒரு சத்தம். விளக்கு கண்ணுக்கு, சத்தம் காதுக்கு. சத்தம் வெளியே உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்டுக்கும் கேட்கும். ஒருவர் பத்து தடவை அழுத்தினாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான். அடுத்த ஓட்டுக்கு அதிகாரி தன் பக்கத்துப் பெட்டியில் பொத்தானை அழுத்தி வழிவிட வேண்டும். அப்போதைய மெஷினில் நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் பதியாது. சாவடியை வளைத்துக் கத்தை கத்தையாகக் குத்துகிற ரௌடிகளுக்கு அது ஒரு பூட்டு.

பி.காம். மூளைக்குப் பிடித்த சமாசாரமும் உண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர், மெஷின் காட்டும் மொத்தம் எவ்வளவு... இரண்டையும் ஒப்பிட்டுப் படிவத்தில் எழுதி ஏஜென்ட்டுகளிடம் கொடுக்க வேண்டும். அசல் இரட்டைப் பதிவுக் கணக்கு!

டிசைன் என்றால் வெறும் அழகுதான் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். 2000 நவம்பர், ஜனாதிபதி தேர்தல். ஃபுளோரிடாவில் பாம் பீச் என்ற கவுன்டியில் ஓட்டுச்சீட்டைப் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி அச்சடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பெயர்கள், நடுவே துளைகள். எந்தப் பெயருக்கு எந்தத் துளை? படித்த ஜனங்களே குழம்பிப்போனார்கள். அல் கோருக்குப் போட நினைத்துப் பலர் வேறொருவருக்குத் துளை போட்டுவிட்டதாகப் புகார். புஷ் அந்த மாநிலத்தை ஜெயித்தது வெறும் 537 ஓட்டில். அதை வைத்துத்தான் வெள்ளை மாளிகை!

அடுத்த ஆறே மாதத்தில், 2001 மே மாதம், தமிழ்நாடு முழுக்க ஓட்டு மெஷின். அதற்கு முன் அ.தி.மு.க. மெஷினை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்கில் தோற்றது. அதே மெஷினில் தேர்தலை ஜெயித்து ஆட்சியைப் பிடித்தது. பரூர் கதை மறுபடியும்!

சரி, இதில் கல்வராயன் மலை எங்கே வருகிறது? அங்கேதான் வருகிறேன்.

சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார் பரம்பரைகளின் ஆளுகையில் இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்தும் அது தொடர்ந்தது. 1976-ல், எமர்ஜென்ஸி சமயத்தில்தான் மலை நேரடியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அங்கே சொல்லப்பட்ட ஒரு தகவல் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1996-ல்தானாம்!

அதே 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். ஓட்டுச்சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக இருந்தது. ஒரு ஊரில் ஓட்டுச்சீட்டையே புரட்டிப் படிக்க வேண்டும். இன்னொரு ஊருக்கு ஓட்டே அப்போதுதான் வருகிறது. ஒரே தமிழ்நாடு!

ஐந்து வருஷம் கழித்து மலைக்கு மெஷின் வந்துவிட்டது. வெகுகாலம் காக்கவைக்கப்பட்ட அந்த ஜனங்களை மெஷின் ‘படிச்சிருக்கியா?’ என்று கேட்கவில்லை. முத்திரை கோணல் என்று ஓட்டைத் தள்ளவும் இல்லை.

மெஷின் மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போட்ட ஓட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதனால்தான் 2013-ல் சீட்டு காட்டும் கருவி வந்தது. ஏழு விநாடி பார்க்கலாம். 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் அது வந்துவிட்டது. பார்வையற்றவர்களுக்கு பிரெய்ல், யாரும் பிடிக்கவில்லை என்றால் நோட்டா என்று பெட்டி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜனங்கள் கேட்கக் கேட்க மாற வேண்டும்; அதுதான் நல்ல டிசைன்.

ஆனால் பெட்டியால் முடியாததும் ஒன்று உண்டு. 1976-க்கும் 1996-க்கும் நடுவே போன இருபது வருஷத்தை எந்தப் பொத்தானாலும் திருப்பித் தர முடியாது. பட்டியலில் பேரே இல்லாதவனுக்கு எவ்வளவு நல்ல மெஷினும் வெறும் பெட்டிதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பெண் லேப்டாப்பை மூடினாள்.

‘‘அப்ப, முதல்ல அந்த ஈ-மெயிலைத் தூக்கிடணும் அங்கிள்.’’

‘‘அது இருக்கட்டும்மா. முதல்ல பஸ் பிடிச்சு வெள்ளிமலை போ. அந்தப் பாட்டிகிட்ட போனைக் கொடு. நீ வாயைத் திறக்காம பக்கத்துல உட்கார்ந்து பாரு!’’