துளை போடலாமா? டாம் தாங்கியும் தவில் வாரும்

பழைய டிரம் செட் வைத்திருப்பவர்களிடம் ஒரு தீராத வழக்கு உண்டு. பேஸ் டிரம்முக்கு மேலே நிற்கிற டாம்மை எதில் மாட்டுவது? 1960-களின் செட் என்றால் அதன் தாங்கி தேய்ந்து, வாசிக்க வாசிக்க டாம் மெதுவா சரியும். வேறு கம்பெனித் தாங்கி போடலாம். ஆனா அதன் தகடு பழைய துளைகளில் உட்காராது. மரத்தில் புதுசா துளை போட்டால் செட்டின் மதிப்பு போச்சு. இத்தனைக்கும் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரே லட்விக் டிரம்மில் ராஜர்ஸ் கம்பெனியின் ஸ்விவோமேட்டிக் தாங்கியைப் பொருத்தி வாசித்தவர்தான். அன்றைக்கு அது புது செட், யாரும் வருத்தப்படவில்லை!

துளை மட்டும் பிரச்சினை இல்லை. டாம்மின் மொத்த எடையும் மரத்தின் ஒரே இடத்தில் தொங்கினால் அதிர்வு அங்கேயே அமுங்கும். கேரி காகர் என்பவர் கொண்டுவந்த ரிம்ஸ் தாங்கி இதற்கு ஒரு வழி சொன்னது. வெளியே ஒரு உலோகப் பட்டை, அதில் ரப்பர் வளையங்கள், எடை முழுக்க தோலை இழுத்துப் பிடிக்கிற திருகுகளில். மரத்தை யாரும் தொடுவதே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம தவில். பலாக்கட்டையைக் குடைந்த அந்த உடம்பில் தாங்கிக்கென்று துளை கிடையாது. இரண்டு பக்கத் தோலையும் வளையத்தில் ஏற்றி, ஒன்றோடொன்று வாரால் இழுத்துப் பின்னி விடுவார்கள். தோளில் மாட்டும் நாடையின் பிடிப்பும் மரத்தில் இல்லை, வெளிக்கட்டில்தான். நையாண்டி மேளத்தில் வருகிற பம்பையும் அப்படியே: இரண்டு உருளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி உடம்போடு தொங்கவிடுவது. நம்ம ஆட்கள் இதற்குப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தாமிரபரணிக் கரையில் தவில் உட்கார்ந்தும் வாசிக்கணும், நடந்தும் வாசிக்கணும். காருக்குறிச்சி அருணாசலம் (1921-1964) பிறந்த நாதஸ்வரப் பூமி இது. மேடைக் கச்சேரிக்கும் குறைவில்லை, சாமி புறப்பாட்டுக்கும் கோயில் கொடைக்கும் குறைவில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வருவதோ சாரல் காற்று அடிக்கிற மாதத்தில். ஈரம் பட்டால் தோல் தளரும், தோலில் செய்த வாரும் கூடவே தளரும். மறுபடி வார் பிடிக்க நல்ல கைவலு வேண்டும். அதனால் கடந்த சில பத்தாண்டுகளில் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்தபோது, அது ஒரு காட்டாறு மாதிரி பரவியதில் ஆச்சரியமே இல்லை. ஸ்பேனரைக் கொண்டு நாலு சுற்று, வலந்தலை கிண்ணென்று ஏறிவிடும். இரும்பு வார் மாதிரி இளகாது.

விலை தோளில் விழுந்தது. கரகாட்டத்துக்கு இரவு முழுக்க நின்றும், குனிந்தும், ஆடியும் வாசிக்கிறவர்களுக்குக் கூடுதல் இரும்பு சாதாரணம் இல்லை. நாதமும் மாறியது: கூர்மை கூடிற்று. கூட்டத்தில் எட்டிக் கேட்க அது உதவும்தான். எனக்கென்னவோ சின்ன மண்டபத்தில் கொஞ்சம் காதைக் குத்துகிறது.

டிரம் செட்டுக்கும் தவிலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. அங்கே புதுத் தாங்கி வந்தால் அடிபடுவது மரம். இங்கே மரம் அப்படியே இருக்கிறது, அதே பலாக்கட்டை இரும்பையும் ஏற்றுக்கொள்கிறது. காணாமல் போவது வெளியே இருந்த பின்னலும், அதைப் பிடிக்கத் தெரிந்த கையும்தான்.

உங்க வீட்டுப் பரணில் வார் தவில் ஏதும் கிடந்தால் ஒரு வேலை செய்யுங்க. நட்டு போல்ட்டுக்கு மாற்றக் கொடுக்கும் முன், வார் எந்தக் கண்ணில் நுழைந்து எந்தப் பக்கம் திரும்புகிறது, நடுவில் எப்படிச் சுற்றியிருக்கிறது, முடிச்சு எங்கே என்று நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்க. அவிழ்க்கிறதை வீடியோவாகவே எடுத்தால் இன்னும் நல்லது. அவிழ்த்த வாரையும் தூக்கி எறிய வேண்டாம்.