காளானுக்கு இட்ட பூரணம்

அமெரிக்க இல்லங்களில் மாலை விருந்துக்கு வருவோர் முன் வைக்கப்படும் பதார்த்தங்களுள், காம்பு நீக்கிய காளான் குடையை மல்லாத்தி, பசலைக்கீரையும் கிரீம் சீஸும் கலந்த பூரணத்தை அதில் நிரப்பி, மேலே ரொட்டித்தூள் தூவிச் சுட்டெடுப்பது ஒன்று. உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளக் குழைத்த 'டிப்'பை இவ்வாறு காளானுக்குள் குடியேற்றியதைச் சமீப காலத்து யுக்தி என்றே பலரும் எண்ணுவர். டிப் புதியதுதான், ஆனால் காளானுக்குப் பூரணம் இடும் சம்பிரதாயம் மூன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. இடையில் வந்த சமையற்காரர்கள் எல்லாரும் மல்லுக்கட்டியது ருசியோடு அன்று, ஜலத்தோடு.

காளானின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். சூடு பட்டதும் அது கசிந்து, உள்ளே வைத்ததைக் கஞ்சியாக்கிவிடும். 1651ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சமையலுக்குப் புது இலக்கணம் வகுத்த தம் நூலில், உக்செல் பிரபுவின் அரண்மனைச் சமையற்காரராக இருந்த லா வாரேன், பெரிய காளான்களாகப் பொறுக்கி இறைச்சியாலோ நல்ல கீரைகளாலோ ஆன பூரணத்தை முட்டையின் மஞ்சட்கருவால் இறுக்கி நிரப்பும்படியும், வெந்தபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து பரிமாறும்படியும் விதித்திருக்கிறார். காளானையும் வெங்காயத்தையும் பொடியாக அரிந்து, நீர் முழுவதும் வற்றும் வரை வெண்ணெயில் வதக்குகிற 'டுக்செல்' என்னும் பக்குவமும் அவருடைய எஜமானரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சமைத்தவன் பெயர் மறைந்து சாப்பிட்டவன் பெயர் நிலைப்பது உலகத்தில் அபூர்வம் அல்லவே!

பிரபுக்களின் மேசையிலிருந்த காளான் சாமானியர் சந்தைக்கு வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரத்துக்குக் கீழே கட்டடக் கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குதிரைச் சாணத்தைப் பாத்தி கட்டி அதைப் பயிராக்கத் தொடங்கிய பிறகுதான். கோடையும் குளிரும் எட்டாத அந்த இருட்டில் ஆண்டு முழுவதும் விளைச்சல் கிடைத்தது. 1890களில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தார் நோயற்ற காளான் வித்தைத் தயாரிக்கும் முறையைக் கண்டபின், விளைச்சல் அதிர்ஷ்டத்தை நம்பிய காரியமாக இல்லாமற் போயிற்று.

அமெரிக்காவில் இதைப் பெருந்தொழிலாக்கிய பெருமை பென்சில்வேனியாவில் உள்ள கென்னட் ஸ்குவேர் என்னும் சிற்றூருக்கு உரியது. 1885ஐ ஒட்டி, அங்கே கண்ணாடி வீடுகளில் கார்னேஷன் பூ வளர்த்துவந்த வில்லியம் ஸ்வெயின் என்ற, குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பூந்தொட்டி மேடைகளின் அடியில் வீணாய்க் கிடந்த நிழலைப் பார்த்து, ஐரோப்பாவிலிருந்து காளான் வித்தை வரவழைத்து அங்கே இட்டார். சிக்கனத்தைச் சமய தர்மமாகவே கொண்ட கூட்டத்தாருக்கு இந்த யோசனை தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. நாளடைவில் பூ பின்தங்கிக் காளான் முன்னே வந்தது. அதுவரை பழுப்பு நிறமாகவே இருந்த அக்காளானிடையே 1920களின் நடுவில் அதே மாநிலத்துப் பண்ணை ஒன்றில் தற்செயலாகத் தூய வெள்ளைக் காளான் முளைக்க, அதைப் பெருக்கியதன் பயனாகவே இன்று கடைகளில் வெள்ளைக் காளான் மலிந்திருக்கிறது.

பூரணத்துக்கு வேண்டிய சரக்குகள் வேறு வழிகளில் வந்து சேர்ந்தன. நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் ஊரில் 1872இல் வில்லியம் லாரன்ஸ் என்ற பால் வியாபாரி கிரீமை மிகுதியாகச் சேர்த்துச் செய்த மெத்தென்ற சீஸ், 1880 முதல், அந்நாளில் பால் பண்டங்களுக்குப் பேர்போன பிலடெல்பியாவின் பெயரைச் சூடிக்கொண்டு விற்பனையாயிற்று. பெயர் பென்சில்வேனியாவுக்கு, பண்டம் நியூயார்க்குக்கு! 1930இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐயின் உறைபனிக் காய்கறிகள் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது பசலைக்கீரையும் அவற்றுள் இருந்தது. பிறகு, இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்து, புறநகர் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கையாலேயே எடுத்துச் சாப்பிடும் உபசாரம் பரவிய நாளில், 1954இல், கலிபோர்னியாவில் யாரோ உலர்ந்த வெங்காய சூப்புத் தூளைப் புளித்த கிரீமில் கலந்து வைத்தார்கள். டிப் என்பது நாடெங்கும் பிரசித்தமாயிற்று. கீரை டிப்பும் அந்த வரிசையில் வந்ததே.

கிண்ணத்தில் மிஞ்சிய டிப்பை அப்படியே காளானில் இட்டால் லா வாரேன் காலத்துச் சங்கடமே திரும்ப வரும். ஆகையால் கைதேர்ந்தவர்கள், வெறுங் குடைகளை முதலில் கவிழ்த்து வைத்துச் சுட்டு, தட்டில் தேங்கும் கருநிற நீரை வடிக்கிறார்கள். கீரையைத் துணியில் கட்டி, இனிச் சொட்டாது என்னும் மட்டும் முறுக்கிப் பிழிகிறார்கள். கிள்ளி எடுத்த காம்புகளை எறிந்துவிடாமல் பொடியாக அரிந்து, வாணலியில் சலசலப்பு அடங்கி வெண்ணெய் தனியே பிரியும் வரை வதக்கிப் பூரணத்தோடு சேர்க்கிறார்கள். டுக்செல் தெரியாமலே டுக்செல் செய்கிறவர்கள் இவர்கள். மஞ்சட்கருவின் வேலையை இங்கே கிரீம் சீஸ் செய்கிறது. எஞ்சும் ஈரத்தை ரொட்டித்தூள் உறிஞ்சிக்கொள்கிறது. மேலே பார்மசான் சீஸைத் துருவிச் சிவக்க விடுவதுதான் அமெரிக்க வழக்கம். அத்தனை கொழுப்புக்குமேல் இன்னும் ஒரு கொழுப்பு எதற்கு என்பது என் அபிப்பிராயம். எலுமிச்சை பிழியச் சொன்ன பழைய சமையற்காரர் பக்கமே நான்.